சாட்டையில்லாப் பயிற்சி: குதிரையின் உடல்மொழியும் பரிசு வழியும்

விலங்குகளை 'வாயில்லா உயிர்கள்' என்று குறிப்பிடுவது நம் வழக்கு. இரக்கத்தில் பிறந்த சொல் அது. எனினும் அச்சொல் நம்மை ஒரு தவறான எண்ணத்திற்கும் இட்டுச் செல்லக்கூடும். வாயில்லாத உயிர் பேசாது. பேசாத உயிர்க்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே நாம் ஏவியபடி அது நடந்தால் போதும் என்று எண்ணிவிடுகிறோம். குதிரையைக் கூர்ந்து நோக்கியவர்கள் இதற்கு மாறாகவே கூறுவர். அதன் காதும் கண்ணும் நாசியும் வாலும் இடைவிடாது பேசிக்கொண்டிருக்கின்றன. அருகில் நிற்கும் மனிதனின் உடல் பேசுவதையும் அது இடைவிடாது கவனித்துக்கொண்டிருக்கிறது.

இந்த இருவழிப் பேச்சை அறிந்து, அடியும் அச்சமும் இன்றிக் குதிரையைப் பழக்கும் முறை ஒன்று உலகில் வளர்ந்து வந்துள்ளது. அதனை இப்பாடத்தில் காண்போம். நம் குடும்பங்களில் இன்று குதிரை வளர்ப்போர் மிக அரியர். ஆயினும், ஓர் உயிரை நம் கைக்குள் கொண்டு பழக்கும்போது அகிம்சை அணுவிரதம் எங்கே காக்கப்படுகிறது, எங்கே பிழைபடுகிறது என்பதைத் தெளிவாகக் காட்ட இதனினும் நல்ல எடுத்துக்காட்டு இல்லை. பசுவும் கன்றும் நாயும் உள்ள வீடுகளுக்கும் இப்பாடம் பொருந்தும்.

குதிரை எத்தகைய உயிர்?

நம் ஆகமங்கள் உயிர்களைப் பொறிகளின் எண்ணிக்கையால் வகுக்கும்போது, குதிரையை ஐம்பொறியும் மனமும் உடைய விலங்குயிர்களுள் வைக்கின்றன. மனமுடைய உயிரைச் 'சஞ்ஞி' என்பர். கற்பித்தலையும் ஏவுதலையும் மனத்தாற் பற்றிக்கொள்ள வல்லதே சஞ்ஞி என்று அதற்கு இலக்கணமும் கூறுவர். கற்கும் ஆற்றலையே மனத்தின் அடையாளமாகக் கொண்ட இவ்விலக்கணம் நம் பாடத்திற்கு ஏற்ற தொடக்கம் ஆகும். கற்க வல்ல உயிர் அச்சத்தையும் கற்கும், நம்பிக்கையையும் கற்கும். இரண்டில் எதைக் கற்பிப்பது என்பது பழக்குபவர் கையில் உள்ளது.

குதிரை புல் மேய்ந்து கூட்டமாக வாழும் இனம். ஊனுண்ணும் விலங்குகளுக்கு இரையாகும் இனமாதலின், எதிர்த்துப் போரிடுவதைவிட ஓடித் தப்புவதே அதன் முதல் இயல்பு. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், ஏறத்தாழ 350 பாகை அளவுக்குத் தன் சுற்றுப்புறத்தைக் காண்கிறது. நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் உள்ள சிறு பகுதிகள் மட்டுமே அதற்குத் தெரிவதில்லை. பின்புறமாகத் திடீரென்று நெருங்குபவர் உதை வாங்குவது குதிரையின் கொடுமையால் அன்று. வந்தவர் நண்பரா பகைவரா என்று அறிய இயலாத அச்சத்தால் ஆகும்.

ஓர் ஈ வந்து அமர்ந்தாலும், அவ்விடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து அதனை விரட்ட வல்லது குதிரை. அவ்வளவு நுண்ணிய உணர்வுடையது அதன் உடல். இருந்தும், 'குதிரைத் தோல் தடித்தது. அடி உறைக்காது' என்னும் எண்ணம் நெடுங்காலம் உலவி வந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு இதனைப் பொய்யாக்கியது. வலியை உணரும் மேற்புறத் தோலடுக்கின் தடிப்பிலும், அதிலுள்ள நரம்பு முனைகளின் செறிவிலும் மனிதருக்கும் குதிரைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று அவர்கள் கண்டனர்.

இன்னொரு செய்தியையும் இங்கே நினைவில் இருத்த வேண்டும். உடலின் பருமனை நோக்கக் குதிரையின் இரைப்பை மிகச் சிறியது. அதில் அமிலம் நாள் முழுதும் சுரந்துகொண்டே இருக்கும். ஆகவே, நாளின் பெரும்பகுதியும் சிறிது சிறிதாக மேய்ந்துகொண்டிருப்பதே அதற்கு இயற்கை வகுத்த வாழ்வு. நெடுநேரம் தீனியின்றி நிறுத்தினால் இரைப்பையில் புண் உண்டாகும். இதன் இன்றியமையாமை பின்னர் விளங்கும்.

உடல் பேசும் மொழி

குதிரையின் மொழியை அறிய விரும்புவோர் முதலில் காண வேண்டிய குறிகள் வருமாறு:

1. காதுகள் இரண்டும் முன்னோக்கி நிமிர்ந்திருந்தால், முன்னே உள்ள பொருளைக் கருத்துடன் நோக்குகிறது என்பது பொருள். ஒரு காது மட்டும் நம் பக்கம் திரும்பினால் நம்மைக் கவனிக்கிறது. இரண்டும் பின்னே மடிந்து பிடரியோடு ஒட்டிக்கொண்டால், 'அருகே வராதே' என்று எச்சரிக்கிறது.

2. கண்ணின் வெண்மை தெரிய விழித்தல், நாசி விரிதல், வாயும் மோவாயும் இறுகுதல், கழுத்தை உயர்த்தி விறைத்தல் ஆகியவை அச்சத்தின் அறிகுறிகள்.

3. ஈ இல்லாதபோதும் வாலைச் சுழற்றி அடித்துக்கொண்டால் எரிச்சல் அல்லது வலி இருக்கக்கூடும்.

4. தலையைத் தாழ்த்துதல், கீழுதடு தளர்தல், ஒரு பின்னங்காலை இளைப்பாற்றி நிற்றல் ஆகியவை அமைதியைக் காட்டும். ஆயினும் எந்தக் குறியையும் தனியே கொள்ளாமல், எல்லாவற்றையும் சேர்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

இக்குறிகளைப் படித்ததனால் புகழ்பெற்ற ஒரு நிகழ்ச்சியைப் புளூட்டார்க் என்னும் கிரேக்க ஆசிரியர் எழுதி வைத்துள்ளார். மாசிடோனிய மன்னர் பிலிப்பிடம் விற்பனைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு குதிரை எவரையும் அண்டவிடவில்லை. அடங்காத குதிரை என்று அதனைத் திருப்பி அனுப்ப முற்பட்டனர். சிறுவனாயிருந்த அலெக்சாந்தர் மட்டும், அது தரையில் அசையும் தன் நிழலைக் கண்டே மருள்கிறது என்பதைக் கவனித்தார். கடிவாளத்தைப் பிடித்து அதனைச் சூரியனை நோக்கித் திருப்பி நிறுத்தினார்; நிழல் பின்னே சென்றது. தடவிக்கொடுத்து அமைதிப்படுத்திய பின்னரே ஏறினார். புசெபலஸ் என்னும் அக்குதிரை பின்னர் அவருடன் இந்திய மண் வரை வந்து, கி.மு. 326-இல் ஜீலம் ஆற்றங்கரைப் பகுதியில் இறந்தது. மற்றவர்கள் முரட்டுத்தனம் என்று கண்டதை அவர் அச்சம் என்று கண்டார். கண்டது மாறியதும் செய்ய வேண்டியதும் மாறிவிட்டது.

குதிரை நம்மைப் படிக்கும் ஆற்றல் இதனினும் வியப்புக்குரியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் வில்ஹெல்ம் வான் ஆஸ்டன் என்னும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஹான்ஸ் என்ற குதிரையை வளர்த்தார். கணக்குக் கேட்டால் அது விடையின் எண்ணிக்கை வருமளவும் குளம்பால் தரையைத் தட்டும். 1904-இல் அதனைச் சோதித்த குழுவினர் ஏமாற்று எதுவும் இல்லை என்றே கூறினர். பின்னர் ஆஸ்கார் ஃபங்ஸ்ட் என்னும் ஆய்வாளர் நுணுகிச் சோதித்து 1907-இல் உண்மையை வெளியிட்டார். கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், கேட்பவர் குதிரையின் கண்ணுக்கு மறைந்து நின்றபோதும் ஹான்ஸ் தவறியது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை அவரையும் அறியாமல் மிகச் சிறிதளவு நிமிர்ந்தது. அதைக் கண்டு குதிரை தட்டுவதை நிறுத்தியது. வான் ஆஸ்டன் பொய்யர் அல்லர். தம் உடல் பேசியது அவருக்கே தெரியவில்லை.

ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியாது என்று உலகம் நகைத்தது. மனிதர் எவரும் காணாத அசைவைக் கண்டு கற்ற அதன் கூர்மையைப் போற்றியவர் சிலரே. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016-இல் 28 குதிரைகளுக்கு முன்பின் அறியாத மனிதரின் முகப் படங்களைக் காட்டினர். சினந்த முகத்தின் படத்தைக் கண்டபோது அவற்றின் இதயத்துடிப்பு விரைவாக உயர்ந்தது. படத்திலுள்ள சினமே குதிரையைத் தொடுமானால், நேரில் நிற்பவரின் சினம் எவ்வளவு தொடும்!

ஆகவே, குதிரையை அணுகுபவர் நேர் எதிரே தோளை விரித்து, கண்ணை ஊன்றி நிற்றல் ஆகாது. இரை தேடும் விலங்கின் நிலை அது. சற்றே பக்கவாட்டில் திரும்பி, தோளைத் தளர்த்தி, மூச்சைச் சீராக்கி, அதன் கண்ணில் படும்படி தோள்புறமாக மெல்ல நெருங்க வேண்டும். அது தலையைத் திருப்பிக்கொண்டால் நாமும் நின்றுவிட வேண்டும். நின்றதே, 'உன் சொல் எனக்குக் கேட்டது' என்று நாம் கூறும் மறுமொழி ஆகும்.

பழக்கும் வழிகள் மூன்று

ஒரு செயலின் விளைவு இனிதாயின் உயிர் அச்செயலை மீண்டும் செய்யும், இன்னாதாயின் தவிர்க்கும். அமெரிக்க உளவியலார் தார்ண்டைக் பூனைகளைக் கொண்டு 1898-இல் வெளியிட்ட சோதனைகளின் வழியே இதனை ஒரு விதியாக நிறுவினார். ஸ்கின்னர் 1938-இல் வெளியிட்ட நூலின் வழியே இத்துறை மேலும் விரிந்தது. இவ்விதியின்படி குதிரையைப் பழக்கும் வழிகளை மூன்றாகக் கொள்ளலாம்.

முதலாவது தண்டனை வழி. வேண்டாத செயலைச் செய்தபோது அடித்தல். இது எதைச் செய்யக்கூடாது என்று ஓரளவு உணர்த்துமேயன்றி, எதைச் செய்ய வேண்டும் என்று உணர்த்தாது. மேலும், அடி விழுந்த நேரத்தில் எதிரே இருந்த பொருள் எதுவோ அதனோடு வலியை இணைத்துக் குதிரை நினைவில் கொள்ளும்.

இரண்டாவது அழுத்தம் தளர்த்தும் வழி. உளவியலார் இதனை 'எதிர்மறை வலுவூட்டல்' என்பர். கடிவாளத்தை இழுத்து, குதிரை நின்றதும் தளர்த்துதல். விலாவை நெருக்கி, அது நடந்ததும் விடுதல் போன்றவை. உலகில் குதிரை பழக்கும் முறைகளுள் பெரும்பாலானவை இதனைச் சார்ந்தவையே.

மூன்றாவது பரிசு வழி. 'நேர் வலுவூட்டல்' என்பது இதன் பெயர். வேண்டிய செயலைச் செய்த அக்கணமே குதிரை விரும்பும் ஒன்றை அளித்தல். இங்கே 'நேர்', 'எதிர்' என்பன நன்மை தீமைகளைக் குறிப்பன அல்ல. ஒன்றைச் சேர்ப்பது நேர். ஒன்றை நீக்குவது எதிர்.

அடிப்பது பயன்தராது என்னும் அறிவு புதியதன்று. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கப் படைத்தலைவர் செனபோன் குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலில், சினத்தோடு குதிரையை அணுகலாகாது என்று வற்புறுத்துகிறார். ஒரு பொருளைக் கண்டு மருளும் குதிரையை அடித்து அருகே செலுத்தினால் அச்சம் மிகும்; அப்பொருளை முதலில் நாமே தொட்டுக் காட்டி மெல்ல அழைத்துச் செல்ல வேண்டும் என்பது அவர் கருத்து. போர்க்குதிரைகளோடு வாழ்ந்தவரே இவ்வாறு கூறினார் என்பது கருதத்தக்கது.

மென்மை போலத் தோன்றுவன

இங்கே நாம் சற்று நின்று ஆராய வேண்டும். சாட்டையைக் கீழே வைத்துவிட்டதனால் மட்டும் இம்சை நீங்கிவிடுமா?

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 1827-இல் பிறந்த ஜான் ரேரி என்பவர், இங்கிலாந்து சென்று, 1858-இல் குரூசர் என்ற முரட்டுக் குதிரையை அடக்கிப் பெரும்புகழ் பெற்றார். விக்டோரியா அரசியாரும் அவர் திறமையைக் கண்டு வியந்தார். ரேரி குதிரையைக் கொடுமைப்படுத்துவதைக் கண்டித்தவர்; அடிக்காதவர். ஆனால் அவர் முறையில், குதிரையின் முன்னங்காலை மடக்கி வாரால் கட்டி, அது சோர்ந்து கீழே படுக்கும் வரை விடாதிருந்து, பிறகே தடவிக்கொடுப்பார். ஓடித் தப்புவதே இயல்பான உயிர்க்குக் காலைக் கட்டுவது என்றால் என்ன என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அண்மைக் காலத்தில் வட்டத்தொழுவ முறை புகழ்பெற்றது. 1996-இல் நூல் எழுதிய மாண்டி ராபர்ட்ஸ் இதனைப் பரவச் செய்தவருள் முதன்மையானவர். வட்டமான வேலிக்குள் குதிரையை அவிழ்த்துவிட்டு, பயிற்றுபவர் நடுவில் நின்று உடல் நிலையாலேயே அதனைச் சுற்றி ஓடச் செய்வார். அது தலை தாழ்த்தி, காதைத் திருப்பி, வாயை மென்று காட்டியதும் அவர் உடலைத் திருப்பிக்கொண்டு நிற்பார். குதிரை அருகே வந்து, அவரைப் பின்தொடரும். காண்போர், 'குதிரை நண்பனை ஏற்றுக்கொண்டது' என்று மகிழ்வர்.

சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் இதனை வேறொரு வகையில் சோதித்தனர். மனிதருக்குப் பதிலாகத் தொலைவிலிருந்து இயக்கப்படும் சிறு பொம்மைக் காரைத் தொழுவத்துள் விட்டனர். குதிரை விலகினால் கார் துரத்தும். குதிரை காரை நோக்கித் திரும்பினால் கார் நின்றுவிடும். குதிரைகள் அந்தக் காரையும் நோக்கி வரக் கற்றுக்கொண்டன. பொம்மைக் காரை எந்தக் குதிரையும் தலைவனாக ஏற்றுக்கொள்ளாது. துரத்தல் நின்ற ஆறுதலே அதனை வரச்செய்தது என்பதே இதனால் விளங்குகிறது.

வட்டத்தொழுவ முறை அடிப்பதைவிடப் பன்மடங்கு நல்லது என்பதில் ஐயமில்லை. திறமையுடையோர் சிறிதளவே அழுத்தம் தந்து உடனே தளர்த்துவர். ஆயினும், ஒரு முறை மென்மையானதா என்பதை நம் கண்ணுக்குத் தோன்றும் அழகால் அளக்கலாகாது. குதிரையின் உடலில் நிகழ்வதைக் கொண்டே அளக்க வேண்டும். இப்பாடத்தின் உயிர்நிலை இதுவே.

பரிசு வழி வந்த வரலாறு

பரிசு வழி முறையாக வளர்ந்ததற்குக் கடல்வாழ் உயிரான டால்பின் ஒரு காரணம் ஆயிற்று. டால்பினுக்குக் கடிவாளம் பூட்ட இயலாது. சாட்டையால் அடிக்கவும் இயலாது. வருத்தினால் நீந்தி அகன்றுவிடும். ஸ்கின்னரின் மாணவர்களான பிரிலண்டு தம்பதியர் முதலியோர், செயல் நிகழ்ந்த நொடியை ஓர் ஒலியால் குறித்துப் பின் உணவளிக்கும் உத்தியை விலங்குப் பயிற்சியில் கையாண்டனர். 1960-களில் ஹவாய்த் தீவில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரயர், 1984-இல் எழுதிய நூலால் அதனைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றார். அலெக்சாண்டிரா கர்லண்டு 1998-இல் குதிரைகளுக்கென்றே இம்முறையை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார்.

ஒலி எதற்கு? குதிரை காலைத் தூக்கியதும் நாம் பையிலிருந்து கேரட் துண்டை எடுத்துக் கொடுப்பதற்குள் சில நொடிகள் கழிந்துவிடும். அதற்குள் அது காலை ஊன்றித் தலையையும் திருப்பியிருக்கும். பரிசு எச்செயலுக்கு என்று அது எவ்வாறு அறியும்? 'கிளிக்கர்' எனப்படும் சிறு கருவியின் 'டிக்' என்ற ஒலி அந்நொடியைச் சுட்டி, 'இதோ, இச்செயலுக்கே' என்று கூறிவிடுகிறது. நாவால் எழுப்பும் ஒலியும் போதும். ஆனால் எப்போதும் ஒரே ஒலியாக இருக்க வேண்டும்.

பயிற்சியின் படிகள்

1. குதிரைக்கு முதலில் வைக்கோலோ புல்லோ போதிய அளவு கிடைத்திருக்க வேண்டும். தொடக்கத்தில் நமக்கும் அதற்கும் இடையே வேலி இருப்பது இருவருக்கும் நல்லது.

2. ஒலி எழுப்பி, உடனே சிறு துண்டு உணவு கொடுக்க வேண்டும். இதனைப் பல முறை செய்தால், ஒலி என்பது பரிசின் வாக்குறுதி என்று அது அறியும். வாக்குறுதி என்றும் பொய்க்கலாகாது. தவறி ஒலித்தாலும் பரிசு தரவேண்டும்.

3. கையைத் தேடி முட்டும் பழக்கம் வராதிருக்க, அது முகத்தை நேரே அல்லது அப்புறம் திருப்பி வைத்திருக்கும் கணத்திற்கே முதலில் பரிசளிக்க வேண்டும். உணவை நம் உடலினின்றும் தள்ளி, கையை நீட்டிக் கொடுக்க வேண்டும்.

4. ஒரு கோலின் நுனியில் பந்தைக் கட்டி நீட்டினால், குதிரை ஆவலால் முகர்ந்து மூக்கால் தொடும். தொட்ட கணமே ஒலியும் பரிசும். சிறிது நாளில் அப்பந்து செல்லும் இடமெல்லாம் அது வரும். கயிறின்றியே அழைத்துச் செல்லலாம்.

5. ஒரு வேளைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். அது விரும்பிச் செய்துகொண்டிருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். குளம்பைச் சீர்செய்யவும் லாடம் அடிக்கவும் காலைத் தூக்க வேண்டும். காலைத் தரமறுத்து உதைக்கும் குதிரையைப் பழைய முறையில் கயிற்றால் கட்டி அடக்குவர். பரிசு வழியில் அச்செயலைச் சிறு படிகளாகப் பிரிப்போம். முதலில் தோளருகே நிற்கிறோம், அமைதியாயிருந்தால் பரிசு. தோளில் கை வைக்கிறோம், பரிசு. கை முழங்கால் வரை இறங்குகிறது; பரிசு. பிறகு கணுக்கால். அடுத்து, அது தன் உடற்பாரத்தை மறுகாலுக்கு மாற்றிய சிறு அசைவுக்கே பரிசு. குதிகால் எழுந்ததற்குப் பரிசு. குளம்பு தரையைவிட்டு ஒரு நொடி எழுந்ததற்குப் பரிசு. எப்படியிலாவது காது மடிந்தால், கழுத்து விறைத்தால், நாம் விரைந்துவிட்டோம் என்பது பொருள். முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். உடல்மொழியும் பரிசும் இங்கே ஒன்று சேர்கின்றன. பரிசு நாம் பேசுவது. உடல்மொழி குதிரை மறுமொழி கூறுவது.

இம்முறை குதிரைக்கு எளிது; பயிற்றுபவருக்கு அரிது. நான்கு கஷாயங்களும் இங்கே அவரைச் சோதிக்கும். அது மறுத்தவுடன் எழுவது குரோதம். 'என் சொல்லை மீறுவதா' என்று அதன் அச்சத்தையும் தமக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கொள்வது மானம். முன்கையில் உணவைக் காட்டிப் பின்கையில் கயிற்றை மறைப்பது மாயை. நன்றாகச் செய்ததைக் கண்டு, 'இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரு முறை' என்று களைக்கும் வரை கேட்பது உலோபம். நான்கினையும் குதிரை நம் உடலிலிருந்தே படித்துவிடும்.

பயன் உண்டா என்று வினவுவோர்க்குச் சான்றுகள் உள்ளன. பிரான்சின் ரென் பல்கலைக்கழகத்தார் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், உணவுப் பரிசுடன் பழகிய இளங்குதிரைகள் பரிசின்றிப் பழகியவற்றைவிட விரைவாகக் கற்றன. மனிதரை விரும்பி நாடின. மாதங்கள் கடந்த பின்னும் அவ்வுறவை மறக்கவில்லை.

ஐந்து அதிசாரங்கள் என்னும் உரைகல்

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயமும் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் அகிம்சை அணுவிரதத்திற்குரிய அதிசாரங்கள் ஐந்தனை எண்ணிக் கூறுகின்றன. கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகைப்பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. இல்லறத்தார் தம் பொறுப்பில் உள்ள உயிர்களை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதற்கு இவற்றினும் நேரிய அளவுகோல் இல்லை. குதிரைப் பயிற்சியின் வரலாற்றை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

ரேரியின் வார் கட்டுதலைச் சார்ந்தது. வண்டிக் குதிரையின் தலை தாழாதபடி இழுத்துக் கட்டும் வாரும் அவ்வகையே; அன்னா செவெல் 1877-இல் குதிரையே கதை சொல்வதாக எழுதிய புதினம் அந்த வாருக்கு எதிராக மக்கள் மனத்தைத் திருப்பியது. அடித்தலுக்கு விளக்கம் வேண்டா. அழகுக்காகக் குதிரையின் வால் எலும்பையே வெட்டும் வழக்கம் மூன்றாம் அதிசாரம்; பிரிட்டனில் அதனை 1949-இல் சட்டத்தால் தடுத்தனர். மிகைப்பாரம் என்பது முதுகுச் சுமை மட்டுமன்று; தாங்க இயலாத அளவு பாடத்தை ஒரே நாளில் திணிப்பதும் ஆகும்.

ஐந்தாவதே பரிசு வழியினர்க்குரிய எச்சரிக்கை. பரிசின் மேல் நாட்டம் மிக வேண்டும் என்று குதிரையைப் பட்டினி போட்டுப் பழக்குவோர், சாட்டையைக் கையிலிருந்து எடுத்து அதன் வயிற்றுக்குள் வைத்தவர் ஆவர். இடைவிடாது அமிலம் சுரக்கும் இரைப்பையை உடைய குதிரைக்குப் பட்டினி நோயாகவே முடியும் என்பதை முன்னர்க் கண்டோம். பரிசு என்பது உரிய உணவுக்கு மேல் அளிக்கப்படும் இனிமையாக இருக்க வேண்டும். உரிய உணவையே பிடித்து வைத்துத் தவணையில் தருவதாக இருத்தல் ஆகாது.

ஓர் ஐயமும் விடையும்

ஐயம்: தின்பண்டம் காட்டி ஏவுவதும் ஒருவகைக் கட்டுதானே? குதிரை தன் விருப்பத்தால் செய்கிறது என்று எவ்வாறு துணிவது?

விடை: நல்ல ஐயம். இதற்கு ஒரு சோதனை உண்டு. வயிறு நிறைந்திருக்க வேண்டும். கயிறு அவிழ்ந்திருக்க வேண்டும். அகன்று செல்ல இடமும் வேண்டும். மூன்றும் இருந்தும் குதிரை நம்மோடு நிற்குமானால் அதனை விருப்பம் என்று கொள்ளலாம். அது அகன்று சென்றால், அதுவும் ஒரு விடையே; அதற்காகத் தண்டிக்கலாகாது.

நார்வே நாட்டு ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஒரு முயற்சி இதனை மேலும் ஒரு படி கொண்டு சென்றது. 23 குதிரைகளுக்கு, மூன்று குறிகள் எழுதிய பலகைகளை மூக்கால் தொடப் பரிசு வழியிற் பழக்கினர். ஒன்றன் பொருள் 'போர்வை போர்த்து'. ஒன்றன் பொருள் 'போர்வையை நீக்கு'. மற்றொன்றன் பொருள் 'இப்படியே இருக்கட்டும்'. இரண்டு வாரத்திற்குள் அனைத்தும் கற்றன. மழையும் குளிருமான நாளில் போர்வை கேட்டன. வெயில் காய்ந்த நாளில் நீக்கும்படி கேட்டன. எதைத் தொட்டாலும் பரிசு ஒன்றே. ஆகவே அவை பரிசுக்காக ஒன்றைத் தேர்ந்தன அல்ல. ஏவலைக் கற்பிக்க வந்த கல்வி, குதிரையின் விருப்பத்தைக் கேட்டறியும் கருவியாயிற்று. ஓர் உயிரைப் பழக்குவதன் உயர்ந்த பயன் இதுவே என்று கருதுகிறோம்.

இல்லத்தில் கலந்துரையாட

1. குதிரை பின்புறம் வருபவரை உதைப்பது ஏன்? நாம் 'முரடு' என்று கூறும் வேறு உயிர்களிடத்தும் அச்சம் மறைந்துள்ளதா என்று எண்ணிப் பாருங்கள்.

2. ஹான்ஸ் கண்ட அசைவை அதன் உரிமையாளர் அறியாதது எதனால்? உங்கள் வீட்டுப் பசுவோ நாயோ உங்கள் உடலிலிருந்து எதனைப் படிக்கின்றது?

3. அடிக்காமலே இம்சை செய்தல் இயலுமா? ஐந்து அதிசாரங்களுள் எவை கண்ணுக்குத் தெரியாமல் நிகழக்கூடியவை?

4. பசித்த உயிர்க்குத் தரும் உணவுக்கும், நிறைந்த உயிர்க்குத் தரும் பரிசுக்கும் உள்ள வேறுபாடு யாது?

5. இவ்வாரம் உங்கள் பொறுப்பில் உள்ள ஓர் உயிரை, அது எதனை வேண்டுகிறது, எதனை மறுக்கிறது என்று ஏழு நாள் கவனித்து எழுதி வாருங்கள். முதல் நாள் எழுதியதையும் ஏழாம் நாள் எழுதியதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.